ஐம்பது விநாடி

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. டைரக்டர், காமிராக்காரர், எடிட்டர், விநியோகஸ்தர் எல்லாம் ஒரே ஆள்தான்: காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும் என் பேத்தி. கதாநாயகி அவளுடைய பாட்டி. கதை, பாட்டி கைமுறுக்குச் சுற்றுவது. ஸ்டூடியோ விளக்குகளுக்குப் பதில் சமையலறை ஜன்னல். காமிரா, அவள் உள்ளங்கைக்குள் அடங்கிய செல்போன்.

"பாட்டி, உன் தலை நிழல் மாவு மேலே விழறது. கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பி இன்னொரு தடவை சுத்தேன்!"

"ஏண்டி, எண்ணெய் புகைஞ்சுண்டிருக்கு. ஒரே முறுக்கை எத்தனை தடவைடி சுத்தறது?"

மூன்று தடவை சுற்றினாள். நிலைப்படியில் நின்று வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்த நான், இந்தப் படம் எத்தனை நேரம் ஓடும் என்று கேட்டு வைத்தேன்.

"முப்பது விநாடி, தாத்தா. அதுவும் முதல் மூணு விநாடிக்குள்ளே பார்க்கிறவா விரல் நின்னாகணும். இல்லேன்னா அடுத்ததுக்குத் தள்ளிண்டு போயிடுவா."

முப்பது விநாடிப் படத்துக்கு, மூன்று மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு உள்ளதைவிட அதிக நிபந்தனைகள் இருப்பதாக எனக்குத் தோன்றிற்று. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே கிடையாது" என்று என் வயதுக்காரர்கள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. அது என் நுனி நாக்குவரை வந்துவிட்டது. நல்ல வேளையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சரித்திரத்தின் முன் நான் அசடு வழிந்திருப்பேன். ஏனென்றால், சினிமா என்ற குழந்தை பிறந்தபோது அதன் நீளம் ஐம்பது விநாடிதான். என் பேத்தி சமையலறையில் செய்த காரியம் அத்தனையும், நிழல் விழுகிறது என்று ஆளைத் திருப்பி நிறுத்தியதும், திரும்பத் திரும்ப எடுத்ததும் உட்பட, ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மீசை வைத்த பெரிய மனிதர்கள் செய்து பார்த்தவைதான்.

இன்னொரு வேடிக்கை. இந்தத் துண்டுப் படங்களுக்கு "ரீல்ஸ்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் "ரீல் விடுகிறான்" என்றால் என்ன அர்த்தம் என்பதைப் பெயர் வைத்தவர்கள் அறிய மாட்டார்கள். அந்த அர்த்தமும் முழுக்கப் பொருந்தாமல் போகவில்லை என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

முதலில் அமெரிக்காவுக்குப் போவோம். நியூ ஜெர்ஸி மாகாணத்தில் வெஸ்ட் ஆரஞ்சு என்ற ஊரில் எடிசனுடைய ஆராய்ச்சிச் சாலை இருந்தது. அதன் வளாகத்தில், 1893-ஆம் வருஷ ஆரம்பத்தில், தார்க் காகிதம் போர்த்திய ஒரு கறுப்புக் கொட்டகை எழும்பிற்று. பார்க்கச் சகிக்காத கொட்டகை. போலீஸ்காரர்கள் கைதிகளை ஏற்றிப் போகும் வண்டிக்கு அந்தக் காலத்தில் வழங்கிய "பிளாக் மரியா" என்ற பெயரை வேலைக்காரர்கள் அதற்குச் சூட்டினார்கள். ஆனால் உள்ளே இருந்த யுக்தி அபாரமானது. கூரையில் ஒரு பகுதியைத் திறந்து வெயிலை உள்ளே விடலாம். வெயில் நகர்ந்தால் என்ன செய்வது? முழுக் கொட்டகையையும் வட்டத் தண்டவாளத்தில் வைத்திருந்தார்கள். சூரியன் போகிற பக்கம் கொட்டகையையே சுழற்றிவிடுவார்கள்! எங்கள் வீட்டுச் சமையலறையைச் சுழற்ற முடியாததால் என் பேத்தி பாட்டியைச் சுழற்றினாள். தத்துவம் ஒன்றுதான். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழக் கூடாது.

எடிசனிடம் வேலை பார்த்த டிக்ஸன் என்பவர்தான் அங்கே படம் எடுத்த சூத்திரதாரி. என்னென்ன எடுத்தார்? 1894 ஜனவரியில், பிரெட் ஆட் என்ற சக ஊழியர் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டுத் தும்முவதை எடுத்தார். ஐந்து விநாடி ஓடும். பிறகு, சாண்டோ என்ற பயில்வான் தன் புஜங்களை முறுக்கிக் காட்டுவதை. அனபெல் என்ற பெண் அகலமான பட்டுப் பாவாடையைச் சிறகு போல் வீசி ஆடுவதை. சவரக் கடையில் ஒருவர் முகம் மழித்துக் கொள்வதை. இரண்டு பூனைகள் கையுறை மாட்டிக் கொண்டு குத்துச் சண்டை போடுவதை! இதை ஒரு காகிதத்தில் எழுதி இன்று ஒரு காலேஜ் பெண்ணிடம் காட்டினால், நேற்று இரவு தன் போனில் ஓடிய ரீல்ஸ் பட்டியல் என்றே நினைப்பாள். பூனை, பயில்வான், நடனம், தும்மல். மனித ரசனை நாம் எண்ணுகிற அளவு மாறுவதில்லை.

இந்தப் படங்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் இன்னும் ருசிகரமானது. 1894 ஏப்ரல் 14-ஆம் தேதி, நியூயார்க் பிராட்வே வீதியில் ஒரு கடை திறந்தார்கள். உள்ளே பத்து மரப் பெட்டிகள், ஐந்தைந்தாக இரண்டு வரிசை. இருபத்தைந்து காசு கொடுத்தால் ஒரு வரிசை பார்க்கலாம். பெட்டியின் மேல் ஒரு துவாரம். குனிந்து, அதில் கண்ணை வைத்தால் உள்ளே படம் ஓடும். ஒரு பெட்டிக்கு ஒரு சமயம் ஒரே ஆள். அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். நிமிர்ந்து, அடுத்த பெட்டிக்கு நகர்ந்து, மறுபடி குனிய வேண்டும். திருவிழாவில் பயாஸ்கோப்புப் பெட்டிக்குள் தலையை விட்டவர்களுக்கு அந்த அனுபவம் தெரியும். இன்று பஸ்ஸிலும் ரயிலிலும் ஜனங்கள் தலையைக் குனிந்தபடி தனித்தனியாக ஒரு சிறு சதுரத்துக்குள் பார்த்துக் கொண்டிருக்கிறார்களே, அந்தக் காட்சி முதன் முதலில் அரங்கேறியது அந்தக் கடையில்தான்.

எடிசனுடைய காமிராவுக்கு ஒரு பெருங் குறை இருந்தது. மின்சாரத்தில் ஓடும் மகா கனமான யந்திரம். அதை உலகத்திடம் எடுத்துப் போக முடியாது. உலகம்தான் அதனிடம் வர வேண்டும். அதனால்தான் பயில்வானும் பூனையும் கறுப்புக் கொட்டகைக்குப் பிரயாணம் செய்தார்கள்.

இந்தப் பெட்டி ஒன்று 1894-ல் பாரிஸுக்கு வந்தது. அதை அந்துவான் லூமியேர் என்ற பெரியவர் பார்த்தார். அவர் ஒரு போட்டோக்காரர். லியோன் நகரத்தில் மோன்பிளேசீர் என்ற பகுதியில் அவருக்குப் போட்டோத் தகடு செய்யும் பெரிய தொழிற்சாலை. மூத்த பிள்ளை ஒகுஸ்த், இளையவர் லூயி. இதைவிட நல்லதாக ஒன்று செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முடுக்கம் வந்தது. பிலிமை விட்டு விட்டு இழுக்க வேண்டும். ஒரு கணம் நிற்க வேண்டும், மறு கணம் நகர வேண்டும். அதற்கு வழி தெரியாமல் திண்டாடினார்கள். லூயிக்கு ஓர் இரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது தையல் யந்திரம் நினைவுக்கு வந்தது. துணி நகர்ந்து நின்று, நகர்ந்து நிற்பது போலப் பிலிமும் நகர்ந்தால்? 1895 பிப்ரவரி 13-ஆம் தேதி பேடண்ட் பதிவாகிவிட்டது.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கைப்பிடியைச் சுழற்றினால் ஓடும், மின்சாரம் வேண்டாம். ஓர் ஆள் தூக்கிக் கொண்டு ஊர் ஊராகப் போகலாம். படம் எடுப்பதும் அதில்தான். எடுத்ததிலிருந்து பிரதி போடுவதும் அதில்தான். பின்னால் ஒரு விளக்கை வைத்துத் திரையில் காட்டுவதும் அதே பெட்டிதான். எடுப்பதும் காட்டுவதும் ஒரே கருவி என்ற இந்தக் குணம் அதற்குப் பிறகு சினிமாவை விட்டுப் போய், நூறு வருஷத்துக்கு மேல் கழித்துச் செல்போனில்தான் திரும்ப வந்திருக்கிறது.

ஒரே ஒரு கட்டுப்பாடு. பெட்டிக்குள் 17 மீட்டர் பிலிம்தான் கொள்ளும். விநாடிக்குப் பதினாறு படம் வீதம் சுழற்றினால் ஐம்பது விநாடியில் தீர்ந்து போகும். நடுவில் ஒட்டுப் போடுகிற பழக்கமெல்லாம் அப்போது இல்லை. கைப்பிடியைச் சுழற்ற ஆரம்பித்தால் ஐம்பது விநாடிக்குள் எது நடக்கிறதோ அதுதான் படம். ஆகவே எடுக்கிறவன் முன்கூட்டியே மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: எங்கே நிற்பது, எப்போது ஆரம்பிப்பது, எதில் முடிப்பது.

1895 மார்ச் 19-ஆம் தேதி, லூயி லூமியேர் தம் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே பெட்டியை வைத்தார். கதவு திறக்கிறது. வேலை முடிந்த பெண்களும் ஆண்களும் வெளியே வருகிறார்கள். சிலர் இடப்புறம், சிலர் வலப்புறம் பிரிகிறார்கள். சைக்கிளில் சிலர், நடுவே ஒரு நாய். அவ்வளவுதான் கதை. மூன்று நாள் கழித்துப் பாரிஸில் விஞ்ஞானிகளும் தொழிலதிபர்களும் கூடிய ஒரு சபையில் இதைக் காட்டினார்கள்.

இங்கேதான் நான் முன்பு சொன்ன "ரீல்" சங்கதி வருகிறது. இந்தப் படம் ஒன்றல்ல, மூன்று உண்டு. ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டி வருகிறது. இன்னொன்றில் இரட்டைக் குதிரை. மூன்றாவதில் குதிரையே இல்லை. உடைகளைப் பார்த்தால் பருவம் மாறியிருப்பது தெரிகிறது. வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள் அணியும் துணியாகவும் அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதாகோவிலுக்குப் போவது போல் சிங்காரித்திருக்கிறார்கள். கடைசிப் படத்தில் கதவு திறப்பதும், எல்லோரும் வெளியேறுவதும், கதவு மூடத் தொடங்குவதும் ஐம்பது விநாடிக்குள் கச்சிதமாக அடங்கியிருக்கின்றன. ஒருவரும் காமிராவை நின்று முறைக்கவில்லை. முதலாளி காமிராவை வைத்துக் கொண்டு எதிரே நிற்கும்போது எந்தத் தொழிலாளி நின்று முறைப்பான்? "இன்னொரு தடவை உள்ளே போய் வெளியே வாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் வந்திருக்கிறார்கள், என் மனைவி இன்னொரு தடவை முறுக்குச் சுற்றியது போல.

உள்ளதை உள்ளபடி காட்டிய முதல் படம் என்று புகழப்படுவதே ஒத்திகை பார்த்து எடுத்ததுதான் என்பதில் எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. கதை எழுதுகிறவனுக்கு இதெல்லாம் தெரிந்த வித்தை. முதல் பிரதியில் வருவது நடந்த உண்மை. மூன்றாவது பிரதியில் வருவதைத்தான் வாசகர்கள் உண்மை என்று நம்புகிறார்கள்.

டிசம்பர் 28-ஆம் தேதி, பாரிஸில் கிராண்ட் கபே என்ற காப்பிக் கடையின் நிலவறைக் கூடத்தில், தலைக்கு ஒரு பிராங்கு வசூலித்துப் பத்துப் படங்கள் காட்டினார்கள். காசு கொடுத்து வந்தவர்கள் முப்பத்து மூன்று பேர். அந்தப் பத்தில் ஒரு படம், தோட்டக்காரன் ஒருவன் ரப்பர்க் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது. ஒரு பயல் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. தோட்டக்காரன் குழாயின் வாயை உற்றுப் பார்க்கிறான். பயல் காலை எடுக்கிறான். பிறகு நடப்பதை நீங்களே ஊகிக்கலாம். ஆனால் அதற்கு அடுத்தபடியாக நடப்பதைப் பாருங்கள். பயல் படத்தின் ஓரம்வரை ஓடிப் போகிறான். தோட்டக்காரன் துரத்திப் பிடிக்கிறான். பிடித்த இடத்திலேயே அடிக்கலாம் அல்லவா? அடிப்பதில்லை. அவனைப் பிடித்து இழுத்து, காமிராவுக்கு நேர் எதிரே கொண்டு வந்து நிறுத்தி, அப்புறம்தான் அடிக்கிறான்! காமிராவின் கண்ணில் படாத அடி, விழாத அடி என்பதை அந்தத் தோட்டக்காரன் 1895-லேயே தெரிந்து வைத்திருந்தான். போனில் படம் எடுத்து அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் இன்னும் இதைத் தெரிந்து கொள்ளவில்லை. ஆள் பேசுகிறார், முகம் பாதிதான் தெரிகிறது. குழந்தை ஓடுகிறது, காமிரா அதன் பின்னால் தலைதெறிக்க ஓடி நமக்கு மயக்கத்தை வரவழைக்கிறது. காமிராவை ஓரிடத்தில் ஊன்றி நிறுத்தி, ஆட்களை அதன் முன் நடக்கவிட்டால் பாதிக் கஷ்டம் தீரும்.

இன்னொரு படத்தில் ஒகுஸ்த் லூமியேரும் மனைவியும் தங்கள் குழந்தைக்குத் தோட்டத்தில் உட்கார்ந்து சோறூட்டுகிறார்கள். குழந்தை பிஸ்கோத்தை நீட்டுகிறது. பார்த்தவர்கள் குழந்தையை ரசித்தார்கள். ஆனால் அதைவிட அதிகமாக அதிசயித்தது வேறொன்றை என்று அந்த நாளைய குறிப்புகள் சொல்லுகின்றன: பின்னால் செடிகளின் இலைகள் காற்றில் அசைந்தன! நாடகக் கொட்டகையில் பின் திரையில் எழுதின மரம் அசையாது. இங்கே, எவரும் ஏற்பாடு செய்யாத இலைகள் தாமாகவே அசைந்தன. அந்த இலைகளை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். அவற்றிடம் திரும்பி வருவேன்.

லா சியோதா என்ற ஊரில் ரயில் ஸ்டேஷனுக்குள் வண்டி வரும் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வண்டி மேலே ஏறிவிடும் என்று பயந்து ஜனங்கள் கொட்டகையை விட்டு ஓடினார்களாம். இந்தக் கதைக்கு உறுதியான சாட்சியம் இல்லை என்று ஆராய்ச்சியாளர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஓடினார்களோ இல்லையோ, அப்படி ஒரு கதை கட்டத் தோன்றும்படி எடுத்திருக்கிறார் என்பது நிஜம். பக்கவாட்டில் நின்று எடுத்திருந்தால் பெட்டிகள் வரிசையாகக் கடந்து போயிருக்கும். அவர் தண்டவாளத்தை ஒட்டிச் சாய்வாகப் பெட்டியை வைத்தார். தூரத்தில் புள்ளியாக இருந்த எஞ்சின் விநாடிக்கு விநாடி வளர்ந்து படத்தையே நிறைக்கிறது. என் பேத்தி சொன்ன "விரலை நிறுத்தும்" ரகசியம் இதுதான் போலும். சத்தம் போடுவதும் கூத்தாடுவதும் தேவையில்லை. ஏதோ ஒன்று நம்மை நோக்கி வந்து கொண்டிருக்க வேண்டும்.

லூமியேர் சகோதரர்கள் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பெட்டியும் கையுமாக உலகின் நாலா திசைக்கும் அனுப்பினார்கள். புரோமியோ என்பவர் 1896-ல் வெனிஸ் நகரத்தில் படகில் பெட்டியை வைத்துச் சுழற்ற, கரையிலுள்ள மாளிகைகள் எல்லாம் நகர்ந்து போயின. அதே வருஷம் ஜூலை 7-ஆம் தேதி பம்பாயில் வாட்ஸன் ஹோட்டலில், ஒரு ரூபாய் கட்டணத்தில், ஆறு படங்கள் காட்டினார்கள். அதைப் பார்த்துப் பித்துப் பிடித்தவர்களில் ஒருவர் பட்வடேகர் என்ற போட்டோக்காரர். "ஸவே தாதா" என்று அழைப்பார்கள். அவர் லண்டனிலிருந்து காமிரா தருவித்து, 1899-ல் பம்பாய்த் தொங்கும் தோட்டத்தில் நடந்த ஒரு மல்யுத்தத்தைப் படம் பிடித்தார். நம்மவர் எடுத்த படங்களில் அதுதான் முதன்மையானது என்பார்கள். அதுவும் துண்டுப் படம்தான். நம் பக்கத்தில், திருச்சிராப்பள்ளி ரயில்வேயில் வரைபடம் போடும் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து யந்திரத்தையும் படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையை உதறிவிட்டுக் கூடாரமும் கையுமாக ஊர் ஊராகப் புறப்பட்ட கதை தனியே எழுத வேண்டிய கதை.

எனக்கு மிகவும் பிடித்த ஐம்பது விநாடியை எடுத்தவர் கப்ரியேல் வேய்ர் என்பவர். இடம், அப்போது பிரெஞ்சுக்காரர் ஆண்ட வியட்நாமில் நாமோ என்ற கிராமம். வருஷம் 1900. அவர் ஆட்கள் சுமக்கும் பல்லக்கு நாற்காலியில் பின்புறம் பார்த்து உட்கார்ந்து பெட்டியைச் சுழற்றிக் கொண்டே ஊரை விட்டுப் போகிறார். கிராமத்துக் குழந்தைகள் காமிராவைத் துரத்திக் கொண்டு ஓடி வருகிறார்கள். சிரிக்கிறார்கள். ஒன்று முந்துகிறது, ஒன்று பின் தங்குகிறது. அவர்கள் ஓடி வர வர, படம் பின்னோக்கி விலகிக் கொண்டே போகிறது. யார் கற்றுக் கொடுத்தார்கள், எப்படித் தோன்றிற்று, ஒன்றும் புரியவில்லை. நல்ல சிறுகதையின் கடைசி வரி போல் அது முடிகிறது.

இந்தத் துண்டுப் படத்தின் இன்னொரு ரகசியத்தைக் கண்டுபிடித்தவர்கள் இங்கிலாந்தில், லங்காஷயரில் பிளாக்பர்ன் என்ற ஊரில் இருந்த மிட்செல், கென்யன் என்ற இரண்டு கூட்டாளிகள். ஆலைச் சங்கு ஊதும்போது காமிராவுடன் வாசலில் நிற்பார்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் வெளியே வருவார்கள். முடிந்த மட்டும் அதிக முகங்கள் பதியும்படி எடுப்பார்கள். திருவிழாக் கொட்டகைக்காரர் அதைச் சீக்கிரமே அதே ஊரில் திரையிட்டு, "உங்களை நீங்களே வந்து பாருங்கள்" என்ற பொருள்பட விளம்பரம் செய்வார். கூட்டம் அம்மும். கதை வேண்டாம், ராஜா ராணி வேண்டாம். தன் முகத்தைத் தானே பார்க்க மனிதன் காசு கொடுப்பான் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். சில படங்களில் கொட்டகைக்காரரே உள்ளே புகுந்து, "இப்படி வா, அப்படிப் போ" என்று கையை ஆட்டுவதைப் பார்க்கலாம். பையன்கள் காமிராவுக்கு முன் முண்டியடித்துப் பல்லைக் காட்டுவதையும் பார்க்கலாம்.

பிறகு படம் நீண்டது. துண்டுகளை ஒட்டக் கற்றார்கள். கதை வந்தது, நட்சத்திரங்கள் வந்தார்கள், மூலதனம் வந்தது. ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட துண்டுப் படங்களைச் சேர்த்திருந்த லூமியேர் சகோதரர்கள் 1905 வாக்கில் படத் தயாரிப்பை விட்டு, வர்ணப் போட்டோ பக்கம் போய்விட்டார்கள். ஐம்பது விநாடிப் படம் குழந்தைப் பருவத்துச் சட்டை போல் பரணில் ஏறிற்று. பணம் படைத்த குடும்பங்கள் சில சிறு காமிராக்களில் கல்யாணத்தையும் கடற்கரையையும் எடுத்துக் கொண்டன. மற்றவர்களுக்குச் சினிமா என்றால் பார்ப்பது மட்டுமே.

அது திரும்பி வந்த வழி வேடிக்கையானது. 2005 ஏப்ரல் 23-ஆம் தேதி யூடியூபில் ஏற்றப்பட்ட முதல் படத்தில், அதை நிறுவியவர்களில் ஒருவர் ஸான்டியேகோ மிருகக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன் நின்று, அவற்றின் தும்பிக்கை நீளத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுகிறார். பத்தொன்பது விநாடி. எடிசன் பார்த்திருந்தால் பூனைக்குப் பதில் யானையா என்று கேட்டிருப்பார். 2013 ஜனவரியில் வைன் என்ற செயலி வந்தது. அதில் படம் ஆறு விநாடிதான். திரையில் விரலை வைத்தால் காமிரா ஓடும், எடுத்தால் நிற்கும், மறுபடி வைத்தால் தொடரும். நிறுத்தித் தொடரும் அந்த இடைவெளியில் ஆளை மாற்றலாம், பொருளை மறைக்கலாம். பாரிஸில் செப்படி வித்தைக்காரராக இருந்து சினிமாவுக்கு வந்த ஜார்ஜ் மெலியே, 1896-ல் இதே தந்திரத்தால் நாற்காலியில் உட்கார்ந்த ஒரு சீமாட்டியை மாயமாய் மறைத்துக் காட்டினார். பதினேழு வயதுப் பிள்ளைகள் மெலியேயின் பெயரைக் கேள்விப்படாமலே அவருடைய வித்தையைத் தாங்களாகவே மறுபடி கண்டுபிடித்தார்கள்.

நான்கே வருஷத்தில், 2017 ஜனவரியில், வைனை நிறுத்திவிட்டார்கள். பிறகு சீனத்து டிக்டாக் வந்தது. நம் நாட்டில் அது பரவியதுபோல் வேறெதுவும் பரவியதில்லை. பட்டணத்து ஸ்டூடியோ வாசலில் கால் வைக்க முடியாதவர்கள், வரப்பிலும் மாட்டுத் தொழுவத்திலும் தையல் கடையிலும் நின்று நடித்தார்கள், ஆடினார்கள், சிரிக்க வைத்தார்கள். 2020 ஜூன் 29-ஆம் தேதி, எல்லைத் தகராறை ஒட்டி மத்திய சர்க்கார் டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. சர்க்காரின் காரணம் சர்க்காருக்கு. ஆனால் இரவு படுக்கும்போது பல ஆயிரம் பேர் பார்க்கும் கலைஞனாக இருந்தவன், காலையில் எழுந்தபோது மேடையும் இல்லை, ரசிகனும் இல்லை. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே "ரீல்ஸ்" ஆரம்பித்தது. செப்டம்பரில் யூடியூப் தன் "ஷார்ட்ஸ்"ஸை இந்தியாவில்தான் முதலில் சோதித்தது. மேடை மறுபடி வந்தது. பழைய கூட்டம் எல்லோருக்கும் திரும்ப வந்துவிடவில்லை.

இனி, இலைகளுக்கு வருகிறேன்.

லூமியேர் ஆட்களுக்கு அளவு வகுத்தது பிலிம். பெட்டி அவ்வளவுதான் கொள்ளும். ஆனால் பார்க்க வந்தவன் ஒரு பிராங்கு கொடுத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஐம்பது விநாடியும் அவன் எழுந்து போகமாட்டான். அந்தத் தைரியத்தில் காமிராவை அசையாமல் நிறுத்தி, ஓரத்தில் இலைகள் ஆடுவதற்கும் இடம் கொடுத்தார்கள். இன்று போனுக்குள் பிலிம் தீருவதில்லை. மணிக்கணக்காக எடுக்கலாம். இப்போது அளவு வகுப்பது பார்க்கிறவனுடைய கட்டை விரல். அது மூன்றாவது விநாடியில் நகர்ந்துவிடுமோ என்ற பயத்தில், எடுக்கிற பிள்ளைகள் பேச்சின் நடுவே மூச்சு விடும் இடத்தைக்கூட வெட்டி எறிகிறார்கள். எழுத்தை மேலே குதிக்க வைக்கிறார்கள். பின்னால் ஒரு பாட்டைச் சத்தமாக ஓட விடுகிறார்கள். இலை அசையக் காலம் எங்கே?

இதற்காக நான் அவர்களைக் குறை சொல்லத் தயாரில்லை. தொடர்கதை எழுதிப் பிழைத்தவன் நான். வாரா வாரம் "தொடரும்" போடும் இடத்தில் வாசகரின் கழுத்தைப் பிடித்து நிறுத்தத் தெரியாதவனுக்கு அந்தத் தொழிலில் சோறு கிடையாது. ஆனால் பேத்தியின் போனில் நான் கடைசிவரை பார்த்த துண்டுகள் எவை என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு மண்பாண்டக்காரர் சக்கரத்தில் களிமண்ணை வைத்து ஒன்றுமே பேசாமல் பானை எழுப்பியது. மழையில் ஒரு டீக்கடை. இரண்டிலும் எடுத்தவர் போனை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு விலகிக் கொண்டார். வேலை ஆரம்பித்த பிறகுதான் படம் ஆரம்பிக்கிறது. வேலை முடிந்த மறு கணம் படம் முடிகிறது. லூயி லூமியேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்! போனை நிமிர்த்திப் பிடிப்பது மட்டும் எனக்கு இன்னும் கண்ணை உறுத்துகிறது. ஒற்றை ஆள் நின்று பேச அது பொருத்தம். தொழிற்சாலை வாசலிலிருந்து இரண்டு பக்கமும் ஜனங்கள் பிரிந்து போகும் அழகை அந்த நீள ஜன்னலுக்குள் அடக்கவே முடியாது.

இன்னொரு கவலையும் உண்டு. மெலியே ஐந்நூறுக்கு மேல் படங்கள் எடுத்தவர். 1923-ல் கடனாளியாகி, வைக்க இடம் இல்லாமல், தம் படச் சுருள்களைத் தாமே கொளுத்தினார். பின்னால் பாரிஸ் மோன்பர்னாஸ் ஸ்டேஷனில் பொம்மைக் கடையில் உட்கார்ந்திருந்தார். மிட்செல், கென்யன் படங்கள் என்ன ஆயின என்று அநேக காலம் ஒருவருக்கும் அக்கறை இல்லை. 1994-ல் பிளாக்பர்னில் ஒரு பழைய கடையை வேலையாட்கள் காலி செய்தபோது, நிலவறையில் மூன்று உலோகப் பீப்பாய்கள் இருந்தன. திறந்தால், சுமார் எண்ணூறு பிலிம் சுருள்கள். குப்பை வண்டியில் ஏறாமல் தப்பியதே புண்ணியம். இன்று அவை பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. ஒரு நூற்றாண்டுக்கு முந்திய ஆலைப் பெண்கள் முக்காட்டை இழுத்து விட்டுக் கொண்டு சிரிப்பதை நாம் பார்க்கிறோம். செல்போன் படங்களுக்கு எந்த நிலவறை, எந்தப் பீப்பாய்?

லியோன் படம் ஒன்றில் நான் எத்தனை தடவை பார்த்தாலும் காத்திருந்து பார்க்கும் ஓர் இடம் உண்டு. கூட்டத்தோடு வெளியே வரும் ஒரு பெண், எதிர்ப்பக்கம் பிரிந்து போகும் தோழியின் பாவாடையை வெடுக்கென்று பிடித்து இழுக்கிறாள். வெறும் குறும்பு. முதலாளி சொல்லிக் கொடுத்ததாக இராது. அடுத்த கணம் இருவரும் படத்தை விட்டுப் போய்விடுகிறார்கள்.

தீபாவளி கழிந்து இரண்டு வாரம் ஆயிற்று. பேத்தியின் முறுக்குப் படத்தை ஏராளமான பேர் பார்த்திருந்தார்கள். நல்ல வெளிச்சம், கச்சிதமான கை, நடுநடுவே வெட்டு. நான் கேட்டேன்:

"முதல் தடவை எடுத்தாயே, அது எங்கே?"

"அதுவா? நிழல் விழுந்துடுத்துன்னு அழிச்சுட்டேன், தாத்தா. பாட்டி வேற நடுவிலே திட்டிண்டே இருந்தா."

"அழித்தது அழித்ததுதானா?"

போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அழித்தவற்றையும் முப்பது நாள் ஒரு மூலையில் அது வைத்திருக்குமாம். "இருக்கு, தாத்தா. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு" என்றாள். இருவரும் ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்தோம். முகம் இருட்டு. எண்ணெய் புகைகிற சத்தம் கேட்கிறது. பாட்டி மாவுக் கையால் காமிராவைத் தள்ளப் பார்க்கிறாள். "ஏண்டி" என்று ஆரம்பித்தவள், ஏனோ சிரித்துவிடுகிறாள்.

"இதை என் போனுக்கு அனுப்பு" என்றேன்.